தொட்டாலும் அவுட் இல்லை

மரியே வாழ்க

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
19.1.2025

அன்பு மருமகள் அகஸ்டினாவுக்கு,

மாமனார் அல்போன்ஸ் எழுதுவது. யாரையும் எழுத வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. நானே எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் அது என் கை, உன் கண் இல்லை. இங்கே நானும் உன் மகள் சிசிலியும் சுகம். உன் சுகத்தையும் நீ பார்த்துக்கொள்கிற மதாமின் சுகத்தையும் எழுது. பாரீஸ் குளிரில் உன் கால் வெடிப்பு எப்படி இருக்கிறது, அதையும் எழுது.

கோயில் கூடத்துச் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன் என்று போனில் சொன்னபோது நீ சிரித்தாய். மில்லில் சம்பளத்துக்குக் கட்டைவிரலை உருட்டியே கிழவனானவன் நான். இப்போது ஆட்டோ முதுகில் எழுதியிருப்பதைக்கூட விடுவதில்லை. போன வாரம் ஒரு ஆட்டோவைப் படித்துக்கொண்டே பின்னால் நடந்து, வாங்கப்போன வெங்காயத்தை மறந்துவிட்டேன். இந்தத் தாளை எழுத இரண்டு மத்தியானம் ஆகிறது. அஞ்சலாட்சி டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார். குடும்ப சங்கதி டீச்சர், வேண்டாம் என்றுவிட்டேன்.

போனில் பேசினால் சிசிலி என் தோளில் ஏறிக் காதை வைத்துக்கொள்கிறாள். இது அவள் காதில் விழாமல் உன்னைக் கேட்க வேண்டியது.

வருஷ செக்கப்புக்கு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எக்கோ எடுத்தார்கள். இதயத்தில் ஓட்டை அடைத்த இடம் நன்றாகப் பிடித்துக்கொண்டதாம். டாக்டர் சின்னப் பையன். "எட்டு வயசு ஆவுது, மத்த பிள்ளைங்க மாதிரி ஓடட்டும் தாத்தா" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சிசிலி வாசற்படியில் உட்காருகிறாள். தெருவில் பிள்ளைகள் கல்லா மண்ணா ஆடுகிறார்கள். கால்வாய் மேல் மூடிய சிமெண்டுப் பலகைதான் கல், ரோடுதான் மண். அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவள் கால் உட்கார மாட்டேன் என்கிறது. யாராவது ஓடினால் இவள் கட்டைவிரல் தரையைப் பிறாண்டுகிறது. பார்த்துப் பார்த்து எனக்கும் உள்ளே இருப்புக்கொள்ளவில்லை.

ஆடப் போகட்டுமா? நீ சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.
உன் மாமனார்
அல்போன்ஸ் (கையெழுத்து, கைநாட்டு இல்லை)


சார்செல், பிரான்ஸ்
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அகஸ்டினா எழுதும் மடல். நான் சுகம், கால் வெடிப்பும் பரவாயில்லை. மதாமுக்கு இடுப்பு வலிதான் இன்னும் விடவில்லை. உங்கள் சளியும் சிசிலியின் சளியும் போய்விட்டதா?

கடிதத்தைக் கையில் வாங்கியதும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். மதாமிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுதும் படித்துவிட்டு, "உன் மாமனார் எழுத்து ஒண்ணொண்ணும் செருப்பு போட்டுகினு நிக்குது" என்றார். பாண்டிச்சேரியை விட்டு வந்து ஐம்பது வருஷம் ஆகியும் அவர் வாய் மாறவில்லை.

மாமா, ஓட வேண்டாம்.

அந்த டாக்டர் அவளை அரை மணி நேரம் பார்த்திருப்பார். அவள் பிறந்ததிலிருந்து ஆபரேஷன் வரைக்கும் உதடு நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். அழுதால் நீலம். பால் குடித்தால் நீலம். இன்றைக்கும் போனில் அவள் குரல் கொஞ்சம் இரைத்தால் எனக்கு அந்த நிறம் தெரிகிறது. வண்டி எடுத்துப் போன உங்கள் மகன் உயிரோடு திரும்பி வராத பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்தி.

ரெட்டியார்பாளையத்தில் வெரோனிகா அக்கா தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். மூன்றாவது மாடி, கீழே கேட் பூட்டியிருக்கும், தெரு கிடையாது. ஜூனில் பள்ளிக்கூடமும் அங்கே மாற்றலாம் என்கிறாள். இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் பார்த்துக்கொள்வதில் குறை என்று நினைக்காதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வகுப்பை விடாதீர்கள்.

உங்கள் மருமகள்
அகஸ்டினா


மரியே வாழ்க

நெல்லித்தோப்பு
20.2.2025

அன்பு மருமகள் அகஸ்டினாவுக்கு,

அல்போன்ஸ் எழுதுவது. சளி போய்விட்டது, இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். மதாமின் இடுப்புக்கு நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சித் தடவு.

உன் கடிதத்தை முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ரெட்டியார்பாளையம் என்ற சொல் நீளமாக இருந்ததால் கூட்டி முடிக்க நேரம் பிடித்தது. முடித்ததும் மூடி வைத்துவிட்டுக் கடைத்தெரு வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா நடந்தேன்.

நீ சொன்னபடி அவளை ஓட அனுப்பவில்லை. ஆனால் அவள் தெருவில் இருக்கிறாள். எப்படி என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

எதிர் வீட்டு சந்திரகலாவின் மகள் சுடர்விழிக்குப் பதினோரு வயது. தெருவில் எந்த ஆட்டம், யார் எந்தப் பக்கம், யார் பொய் சொன்னது, எல்லாம் அவள் தீர்ப்புதான். கவுன்சிலர் பேச்சுக்கு இல்லாத மரியாதை அவள் பேச்சுக்கு உண்டு. அவளே நேரில் வந்து இடுப்பில் கை வைத்து, "இன்னா தாத்தா, இவ தெனம் டிக்கெட் வாங்காம ஆட்டம் பாக்குறா" என்றாள். நான் ஆபரேஷன் சங்கதியைச் சொன்னேன். "ஒப்புக்குச் சப்பாணியா வச்சிக்கிறேன்" என்றாள்.

நீயும் ஆடியிருப்பாய், உனக்குத் தெரியும். ஆட்டத்தில் இருப்பாள், ஆனால் கணக்கில் இல்லை. யார் தொட்டாலும் அவுட் கிடையாது, பிடிக்கப் போகிற முறையும் அவளுக்கு வராது. அதனால் ஓட வேண்டியதே இல்லை. பலகை மேல் நிற்பாள், கீழே இறங்குவாள், மற்றவர்களோடு சேர்ந்து கத்துவாள். அவ்வளவுதான்.

முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தட்டில் போட்டதை எல்லாம் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள்.

இதற்காவது சரி என்று எழுது.

அந்தோணியார் துணை இருப்பார்.
அல்போன்ஸ்


சார்செல்
10.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். தவசு காலம் தொடங்கிவிட்டது. நீங்கள் வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருக்க வேண்டாம், வயதுக்கு விலக்கு உண்டு. பூண்டு எண்ணெயில் வீடு முழுக்க மணக்கிறது, கீழ் வீட்டு வெள்ளைக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார். மதாமுக்குச் சந்தோஷம்.

ஒப்புக்குச் சப்பாணி என்றால் சரி. அப்படி மட்டும் என்றால் சரி.

ஆனால் பிள்ளைகள் ஒரு வாரம் அப்படி வைத்துக்கொள்வார்கள், பிறகு பழகிவிட்டாள் என்று ஆட்டத்தில் எண்ணிவிடுவார்கள். எங்கள் தெருவிலும் அப்படித்தான். அதனால் அந்தப் பெண் சுடர்விழியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆனாலும் சிசிலியை எண்ணக் கூடாது. அவள் அம்மா சொன்னதாகவே சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகஸ்டினா


மரியே வாழ்க

நெல்லித்தோப்பு
28.3.2025

அன்பு மருமகள் அகஸ்டினாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சிசிலிக்குக் காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை. மற்றபடி எழுதுகிறேன்.

நீ சொன்னதைச் சுடர்விழியிடம் சொன்னேன். அவள் முகம் கடுத்துவிட்டது. "எத்தினி நாளைக்கு தாத்தா? கொஞ்ச நாள்னா பரவால்ல. எப்பவுமே ஒப்புக்குன்னா அது யாரு ஆடுற ஆட்டம்?" என்றாள். பிறகு, பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டியதுதான் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

சிசிலியை விடச் சின்னது ஒன்று, அம்மாவாசையின் பேரன், ஆறு வயது. அவனும் ஒப்புக்குத்தான் இருந்தான். போன திங்கட்கிழமை அவனை எண்ணிவிட்டார்கள். முதல் தடவையிலேயே அவுட் ஆனான். ஊரே கேட்கிற மாதிரி கூத்தாடிக்கொண்டு போனான். சிசிலி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் சொன்னாள். "நெறைய வாட்டி என்னைத் தொட்டாங்க தாத்தா. ஒருத்தரும் அவுட்டுன்னு சொல்லல. நா அங்க இல்லவே இல்லாத மாதிரி இருக்குது."

யார் சொல்லி அப்படி என்று கேட்டாள். அம்மா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் என்றேன்.

அன்றிலிருந்து தெருவுக்குப் போவதில்லை. வாசற்படியிலும் உட்காருவதில்லை. உள்ளே அங்கும் இங்கும் நடக்கிறாள். பாய் ஓரத்துக் கோரையைப் பிய்க்கிறாள். ஜன்னல் கம்பியில் தொங்குகிறாள். ஃபேன் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறாள். சோறு தட்டில் காய்கிறது. பிள்ளைகள் கத்துகிற சத்தம் வரும்போது டிவியைச் சத்தமாக வைக்கிறாள். நான் எழுதும்போதும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த வரிக்கும் போன வரிக்கும் நடுவில் இரண்டு தரம் எழுந்தேன்.

அகஸ்டினா, அவள் நோயாளியாக இருந்தபோதுகூட இப்படி இல்லை.

நீ எழுதப்போவதை எதிர்பார்த்துத் தபால்காரர் வரும் நேரத்துக்கு வெளியே நிற்கிறேன்.

அல்போன்ஸ்


சார்செல்
11.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். உங்கள் இருவர் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

குழந்தைகளுக்கு நாலு நாளில் மறந்துவிடும். வர்ணப் பென்சில் பெட்டி ஒன்று மதாமின் உறவினர் ஜெர்ரியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், பாஸ்குத் திருநாள் வாரம் அங்கே வருகிறார். அவள் வரையட்டும். வரைவது அவளுக்குப் பிடிக்கும்.

இங்கே வெயில் வந்துவிட்டது. மதாமைத் தினமும் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். பிள்ளைகள் போடும் கூச்சல் எனக்குத் தாங்கவில்லை. வேறு பூங்கா போகலாம் என்றேன், மதாம் கேட்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை. பாஸ்கு வாழ்த்துகள்.

அகஸ்டினா


மரியே வாழ்க

நெல்லித்தோப்பு
27.4.2025

அன்பு மருமகள் அகஸ்டினாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் ஆசீர். நான் சுகம். நீயும் மதாமும் பாஸ்கு நன்றாகக் கொண்டாடியிருப்பீர்கள்.

இங்கே இரவுப் பூசைக்குக் கூட்டம் வெளியே வரைக்கும் நின்றது. மெழுகுதிரி உருகி என் வேட்டியில் கொட்டிவிட்டது. பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்து நானும் பாடினேன். மற்றவர்கள் மூன்றாவது அடிக்குப் போனபோது நான் முதல் அடியை முடித்தேன். பக்கத்தில் நின்ற சாமிக்கண்ணு, "பொறுமையா வா, சாமி எங்கயும் போவல" என்றான்.

பாஸ்கு அன்று வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். மாங்காய் போட்டேன், புளியைக் குறைத்தேன். நீ வைக்கிற மாதிரி வரவில்லை, ஆனால் சட்டி காலி. வெரோனிகா வந்திருந்தாள், அவளும் சாப்பிட்டாள். ஜெர்ரி பென்சில் கொண்டுவந்து தந்தார். டீச்சர் வகுப்பில் என் நோட்டை எல்லோருக்கும் காட்டினார். வெயில் கொளுத்துகிறது. தண்ணீர் ஒரு வேளைதான் வருகிறது. பின்வீட்டுப் பூனை நம் அலமாரிக்கு அடியில் நான்கு குட்டி போட்டிருக்கிறது.

சிசிலி சுகம். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள்.

தாள் முடிந்துவிட்டது.

அல்போன்ஸ்


சார்செல்
8.5.2025

மாமாவுக்கு,

நான் சுகமாக இல்லை.

வெரோனிகா அக்கா பாஸ்கு முடிந்த மறுவாரமே எனக்குப் போன் செய்தாள். சிசிலியின் தாடையில் மூன்று தையல். பாஸ்குக்கு முன்தினம் தெருவில் ஓடி விழுந்திருக்கிறாள். பாஸ்கு அன்று அக்கா தையலைக் கண்ணால் பார்த்தாள். அவள் தெருவில் இறங்கிப் பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களையும் திட்டிவிட்டு வந்ததாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனில் கேட்டபோது சிசிலியும் ஒன்றும் இல்லை என்றாள். உங்கள் பட்டன் போனில் முகம் தெரியாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அதற்கு மேல் உங்கள் கடிதம் வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தேடினேன். மறுபடி தேடினேன். அந்தத் தாளில் மீன்குழம்புக்கு இடம் இருந்தது, பூனைக்கு இடம் இருந்தது. என் பிள்ளையின் தாடைக்கு இடம் இல்லை.

எழுதக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா மாமா?

ஜூன் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து சிசிலியை அழைத்துப் போவாள். துணிகளையும் ஆஸ்பத்திரி ஃபைலையும் எடுத்து வையுங்கள்.

அகஸ்டினா


மரியே வாழ்க

நெல்லித்தோப்பு
18.5.2025

அன்பு மருமகள் அகஸ்டினாவுக்கு,

உன் மாமனார் எழுதுவது. சிசிலி சுகம். தையல் பிரித்தாகிவிட்டது. தாவாங்கட்டைக்கு அடியில் ஒரு கோடு இருக்கிறது, நிமிர்ந்தால்தான் தெரியும். இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று இப்போது முதலில் எழுதுகிறேன்.

நடந்தது இது. அவள் சோறு தின்னாமல் வீட்டுக்குள் அலைந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. உன் பதில் வந்தது, பென்சில் வருகிறது என்றது. அன்றைக்கே நான் சுடர்விழியைக் கூப்பிட்டு, இனிமேல் இவளையும் எண்ணிக்கொள் என்றேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும்.

இரண்டு நாள் ஆடினாள். வேர்த்துக்கொட்டி, முகம் சிவந்து, மூக்கு ஒழுக வருவாள். உதட்டைத்தான் நானும் முதலில் பார்ப்பேன். சிவப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் துரத்தும்போது பலகை இடுக்கில் கால் தடுக்கி விழுந்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. சுடர்விழிதான் தன் துப்பட்டாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் கூடவே ஏறினாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். அங்கே ஒரு குறையும் இல்லை. ஊசி குத்தும்போது சிசிலி என்னைப் பார்க்கவில்லை, சுடர்விழியைப் பார்த்து, "நா தொட்டுட்டுத்தான விழுந்தேன்?" என்று கேட்டாள். அவள், "இல்ல, விழுந்துட்டுத் தொட்ட. செல்லாது" என்றாள். தையல் போடுகிற நர்சுக்குச் சிரிப்பு வந்து கை நின்றுவிட்டது.

இதை எல்லாம் மறைத்தது தப்பு. எழுத உட்கார்ந்தேன், பேனா மீன்குழம்புக்கே போயிற்று. அவளை ஆட விட்டது தப்பு என்றும் எழுதப் பார்த்தேன். அதை எழுத வரவில்லை. நாலு தாள் கிழித்தேன்.

வெரோனிகா சத்தம் போட்ட பிறகு அவளை மறுபடி ஒப்புக்கு ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் அவளோடு ஆடவே வேண்டாம் என்கிறார்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று. நான் சுடர்விழியிடம் போனேன். அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள், "நீ ஒரு தடவ எண்ணாதன்ன. அப்பறம் எண்ணுன்ன. ஒன் பேச்ச நம்ப முடியாது தாத்தா. அவங்க அம்மா சொல்லட்டும்."

அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

துணிகளை மடித்து வைத்துவிட்டேன். ஃபைல் மேலே இருக்கிறது. நீ பெற்றவள், உன் முடிவுதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். ரெட்டியார்பாளையத்துக்குப் போகிறாய் என்று அவளிடம் என்னைச் சொல்லச் சொல்லாதே. இப்போது அவள் வாசற்படியில் நின்றுகொண்டு தெருவைப் பார்க்கிறாள். காலைத் தேய்த்துக்கொண்டே நிற்கிறாள்.

உன் உடம்பு சுகப்பட வேண்டிக்கொள்கிறேன்.

அல்போன்ஸ்


சார்செல்
30.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எனக்கு இப்போது பரவாயில்லை. மதாமின் மணிக்கட்டு மட்டும் வீங்கியிருக்கிறது, அது என்னால் வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பூங்காவில் கயிற்றால் பின்னிய வலை ஒன்று உயரமாகக் கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் ஏறுவதற்கு. போன புதன்கிழமை ஒரு சின்னப் பெண், நம்ம சிசிலி உயரம்தான் இருக்கும், உச்சிக்குப் போய்க் கை நழுவித் தொங்கினாள். அவள் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். நான் மதாமின் கையை விட்டுவிட்டு ஓடிவிட்டேன். எண்பத்து மூன்று வயது மனுஷியை நடுவழியில் நிற்க வைத்துவிட்டு ஓடிப் போய் அந்தப் பிள்ளையை இடுப்போடு பிடித்து இறக்கினேன். அது ஒரே அலறல். அம்மாக்காரி வந்து பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பிள்ளை பிடிக்கிறவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சுற்றி விலகிப் போய், மறுபடியும் அதே வலையில் ஏறிற்று. அவள் அம்மா மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பிப் பார்த்தால் மதாம் மரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். வீட்டுக்கு வருகிற வழி முழுக்கத் திட்டினார். "அந்தப் புள்ளக்கி ஒண்ணும் ஆவல. ஒனக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சி" என்றார்.

அந்த வீங்கிய கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். அந்தப் பெண்ணின் உதடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை. நீலம் என்று முடிவு செய்துகொண்டுதான் ஓடினேன்.

வெரோனிகா அக்காவுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். அவளுக்கு வருத்தம். பரவாயில்லை.

மாமா, எனக்குப் பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. விழுந்தால் விழுந்தாள் என்று எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். எழுதக் கற்றது இதற்குத்தானா என்று கேட்டேனே, அதை நான் எழுதியிருக்கக் கூடாது.

உள்ளே தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அது உங்களுக்கு இல்லை, சுடர்விழிக்கு.

உங்கள் மருமகள்
அகஸ்டினா


மரியே வாழ்க

நெல்லித்தோப்பு
11.6.2025

அன்பு மருமகள் அகஸ்டினாவுக்கு,

அல்போன்ஸ் எழுதுவது. சுகம் விசாரிப்பதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் மத்தியானம் உன் கடிதம் வந்தது. சாயங்காலம் பிள்ளைகள் கூடினதும் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். சுடர்விழி கையை நீட்டினாள். கொடுக்கவில்லை, நானே படிக்கிறேன் என்றேன். சந்திரகலா வாசலுக்கு வந்தாள், இன்னும் இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். வெளியே நின்று இத்தனை பேர் முன்னால் நான் படித்தது இதுதான் முதல் தடவை. நிறுத்தி நிறுத்திப் படித்தேன், ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

"சுடர்விழிக்கு, சிசிலியின் அம்மா எழுதுவது. சிசிலியை எண்ணிக்கொள். தொட்டால் அவுட். அவள் முறை வந்தால் அவள்தான் பிடிக்க வேண்டும். விழுந்தால் நீ தூக்கிவிடு. யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அகஸ்டினா."

முடித்ததும் சுடர்விழி சீட்டை வாங்கி, தானும் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். உன் கையெழுத்தை விரலால் தொட்டாள். உறையில் இருந்த பிரான்ஸ் ஸ்டாம்பு தனக்கு வேண்டும் என்றாள், கிழித்துக் கொடுத்தேன். சந்திரகலா தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள். நல்ல வார்த்தையாக யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். சுடர்விழி, "கையப் போடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

சா பூ த்ரீ போட்டார்கள். கையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொருவராக விலக, கடைசியில் நின்றது உன் மகள். அவள்தான் பிடிக்க வேண்டும்.

அவளால் ஒருத்தரையும் பிடிக்க முடியவில்லை. ஆறு வயதுப் பொடியன்கூட அவள் கைக்கு அடியில் நுழைந்து போகிறான். "தொடு பாக்கலாம், தொடு பாக்கலாம்" என்று பலகை மேல் நின்று இடுப்பை ஆட்டுகிறார்கள். ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவில்லை. அழுதாள். அழுதுகொண்டே ஓடினாள். நேற்றும் அவள்தான், இன்றைக்கும் அவள்தான்.

நேற்று ஒரு தடவை நின்று, குனிந்து, முட்டியில் கை வைத்து மூச்சு வாங்கினாள். என் கை தானாகக் கேட்டைத் திறந்துவிட்டது. ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். இத்தனை நாள் உனக்குப் புத்தி சொன்னவன், அவள் பெயரைப் பாதி கூப்பிட்டும் விட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கோபமாகத் தலையை ஆட்டினாள். உதட்டைப் பார்த்தேன், சிவப்பு. உள்ளே வந்து தண்ணீர் குடித்தேன். உட்கார முடியவில்லை. நீ அங்கே எப்படி இருந்திருப்பாய் என்று அப்போது தெரிந்தது.

இன்றைக்கு வாசலில் நிற்காமல் இருக்கத்தான் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதினால் கை ஒரு வேலையில் இருக்கும். நான் சுகம், முட்டி மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. மதாமின் மணிக்கட்டு எப்படி என்று எழுது. நம்ம வீட்டுப் பிள்ளைக்காக அடிபட்டவர் அவர், என் வணக்கத்தைச் சொல்.

தெரு விளக்கு போட்டுவிட்டார்கள். மற்ற வீடுகளில் பிள்ளைகளைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். வெளியே இன்னும் காலடிச் சத்தம் கேட்கிறது, ஒன்று முன்னால், ஒன்று பின்னால் துரத்திக்கொண்டு. பின்னால் வருவது அவள்தான், செருப்பின் சத்தத்தில் தெரிகிறது.

நான் இன்னும் கூப்பிடவில்லை.

அல்போன்ஸ்